போலோன்யாவில் ஒரு 'ஜெர்மானியர்'

மனிதகுலத்தைத் திருத்த எத்தனையோ மகான்கள் முயன்று களைத்த பிறகு, அந்தப் பொறுப்பை மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியின் போலோன்யா நகரில் 'நடந்தே சுவைப்போம்' நிறுவனம் தினமும் பதினான்கு வெளிநாட்டினரைத் திரட்டி, மூன்று மணி நேரம் நடக்கவைத்து, ஐந்து கடைகளில் ஐந்து வாய் ஊட்டி, போலோன்யாக்காரன் எதையெல்லாம் சாப்பிட மாட்டான் என்று கற்பித்து அனுப்புகிறது. எதைச் சாப்பிடுவான் என்பது இரண்டாம் பட்சம்.

இந்த அறப்பணிக்கு ஒரே ஒரு மனிதர் இடைஞ்சலாக இருந்தார். பெயர் ஓரியானோ. பிறந்து வளர்ந்ததெல்லாம் போலோன்யாவில்தான். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக அடுப்பு மூட்ட மனம் வராமல், தினமும் பகல் ஒரு மணிக்கு, அந்த ஐந்து கடைகளில் ஒன்றான இவானாவின் உணவகத்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, ஒரு தட்டு நூல்நூலான ஸ்பகெத்தியும் அதன்மேல் ராகூ என்கிற கொத்துக்கறிக் குழம்பும் சாப்பிடுவார். அவரோடு யாராவது பேசுவது நாளில் அந்த ஒரு மணி நேரம்தான்.

அன்று அதே ஒரு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே வழிகாட்டி லுதோவிகா குடையை உயர்த்தினாள்.

"நல்லா கேட்டுக்கங்க. கையால மாவத் தேய்ச்சு பட்டையா வெட்டுன தாலியத்தெல்லே இருக்கு பாருங்க, அதுமேலதான் ராகூ ஊத்துவோம். ஸ்பகெத்தி மேல ஊத்துற பாவத்த எழுநூறு வருஷமா இந்த ஊர்ல ஒருத்தர்கூட செஞ்சதில்ல!"

பதினான்கு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஒரு அம்மாள் தன் கடந்த காலத்தை எண்ணிக் கண்கலங்கினார். பர்மிங்ஹாமிலிருந்து வந்த கனவான் ஒருவர் மட்டும் ஜன்னலைச் சுட்டிக்காட்டினார்.

"அப்ப அவரு என்ன பண்றாரு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முட்கரண்டியில் ஸ்பகெத்தியைப் பெரிய உருண்டையாகச் சுற்றி ஓரியானோ வாயருகே கொண்டுபோயிருந்தார்.

லுதோவிகா நெருக்கடியில் பளிச்சிடும் ரகம். "அவரா? ஜெர்மன்காரரு, பாவம்" என்றாள்.

பதினான்கு பேரும் மன்னித்தார்கள். படமும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளே 'மரபுத் தூய்மை அவசர ஆலோசனைக் கூட்டம்' இவானாவின் உணவகத்தில் கூடியது. நிறுவன உரிமையாளர் ஜானோத்தி தலைமை. லுதோவிகா, இவானா உறுப்பினர்கள். ஓரியானோ 'பிரச்சினை'.

"பெரியவரே, தாலியத்தெல்லே சாப்பிட்டா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" என்று தொடங்கினார் ஜானோத்தி.

"ஞாயித்துக்கெழம சாப்பிடுவேனே. எங்கம்மா மோட்டார் பைக் ஃபேக்டரில ஷிப்டு பாத்தவ. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து மாவு பெசஞ்சு தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளா? கடையில வாங்குன ஸ்பகெத்திய வேகவெச்சு, மேல ராகூவ ஊத்திக் குடுப்பா. நாங்க அஞ்சு பேரும் தட்ட வழிச்சுத் திம்போம். எங்க தெரு முழுக்க அப்பிடித்தான்."

"அது நடந்தது," என்றார் ஜானோத்தி கனிவோடு. "நாங்க காப்பாத்துறது மரபு."

ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: திரு. ஓரியானோ தினமும் பகல் ஒன்று முதல் இரண்டு வரை ஜெர்மானியராக இருப்பார். மறுத்தால் மேஜை கிடையாது. மேஜை போனால் பேச்சுத்துணையும் போய்விடும். ஓரியானோ தலையாட்டினார். ஜெர்மன் சுற்றுலாக்காரரின் அடையாளமான தோல் செருப்பும், அதனுள் போட்டுக்கொள்ள வெள்ளைக் காலுறையும் நிறுவனமே வழங்கியது.

ஜெர்மானியராக அவர் சக்கைப்போடு போட்டார். வந்தவர்கள் ஜன்னலைத் தட்டி விரலாட்டித் திருத்தினார்கள். கனடாக்காரர் ஒருவர் உள்ளேயே வந்து அவர் தோளில் கைவைத்து, "இந்த ஊருக்கு வந்தா, இந்த ஊர்க்காரங்க மாதிரி சாப்பிடணும்" என்று ஒவ்வொரு சொல்லாக, செவிடனுக்குச் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார். ஓரியானோ ஜெர்மன் பாணியில் "யா, யா" என்றார். அவமானத்தையும் ஸ்பகெத்தியோடு சுற்றி விழுங்கினார்.

மூன்றாவது வாரம் ஒரு பயணியின் கருத்து வந்து சேர்ந்தது. 'அற்புதமான நடைச் சுற்றுலா. ஆனால் இத்தாலிய மரபை மதிக்காத அந்த வெளிநாட்டுக்காரரை இன்னும் எதற்கு உள்ளே விடுகிறீர்கள்?'

வாடிக்கையாளரின் மனம் புண்படுவதை நிறுவனம் பொறுக்குமா? அன்று மாலையே உணவகத்தின் கதவில் அறிவிப்பு ஏறியது: 'உள்ளூர் மரபை மதிக்காத அயல்நாட்டினருக்கு அனுமதி இல்லை.'

மறுநாள் வாசலில் ஓரியானோ தன் அடையாள அட்டையை இவானாவிடம் நீட்டினார்.

"பொறந்த ஊரு என்னன்னு போட்டிருக்கு? படி பாப்போம்."

"எனக்குத் தெரியாதா அண்ணே? உங்க கல்யாணத்துக்குச் சமைச்சதே எங்கப்பாதான." இவானா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா நீங்க உள்ளூர்னு நான் ஒத்துக்கிட்டா அந்தப் பொண்ணு புளுகுனதா ஆயிடும். அவ கூட்டிட்டு வர்ற கூட்டம் நின்னா நான் கடைய மூட வேண்டியதுதான். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

ஓரியானோ திரும்பி நடந்தார். பத்தடி போயிருக்க மாட்டார். இவானா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, பக்கத்துச் சந்துக்குள் இழுத்துப்போய், சமையலறையின் பின்கதவைத் திறந்து உள்ளே தள்ளினாள்.

உள்ளே நல்ல கூட்டம். சமையல்காரர், பாத்திரம் கழுவுகிறவர், எதிர்க்கடை பாலாடைக்கட்டி வியாபாரி, தபால்காரர் எல்லோரும் நின்றபடியே தட்டுக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். பதினான்கு பேரையும் முன்கூடத்தில் தாலியத்தெல்லேவுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் லுதோவிகாவும் உட்கார்ந்திருந்தாள். எழுநூறு வருஷமாக ஒருவரும் செய்யாத பாவத்தின் கடைசித் துளியை அவள் ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தாள்.

ஓரியானோ அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, நீயும் ஜெர்மன்காரிதானா?"

"அட போங்க பெரியவரே, உங்க வீட்டுலருந்து ரெண்டு தெரு தள்ளிதான். எங்கம்மாவும் ஷிப்டு பாத்தவங்கதான்" என்றாள் அவள் வாய் நிறைய. "மொதல்ல அந்தக் கதவ சாத்துங்க. போலோன்யாக்காரங்க என்ன சாப்பிடுறாங்கன்னு வெளியில தெரிஞ்சா, போலோன்யா மானம் என்னாவுறது?"