இது உனக்கு

பிரசங்கம் முடிந்து தேவப்பிரியம் நெற்றியைத் துடைப்பதற்குள் ஃப்ளோரன்ஸ் வழியை மறித்துக்கொண்டாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். வழி மறிப்பதை யாரும் அவளுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

"இன்னா பாஸ்டரே, சபைக்கு முன்னாடி இப்டியா காட்டிக் குடுப்ப?"

"யாரைம்மா?"

"என்னியத்தான். ஐஸ்ல கெடந்த மீன இப்பதான் எறங்குச்சுன்னு சொல்லி விக்கிறேன். ஒத்துக்கிறேன். தனியா கூப்ட்டு சொல்லக் கூடாதா? அல்லாரும் என்னியே திரும்பிப் பாக்குறாங்கோ."

அடுத்த வாரத்திலிருந்து வேறு சபைக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டு அவள் ஆட்டோ ஏறினாள்.

தேவப்பிரியம் அன்று பேசியது, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தைப் பற்றி. அதில் மீன் எங்கே வந்தது? யோசித்ததில் பிடிபட்டது. எல்லோரும் நல்ல ரசத்தை முதலில் கொடுத்துவிட்டு மட்டமானதைப் பிறகு தள்ளிவிடுவார்கள் என்று பந்தி விசாரிப்புக்காரன் சொல்கிற இடம். ஐஸ் மீனுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இறையியல் கல்லூரியில் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே. வசனத்தை வாசி, விளக்கு, கடைசியில் கூட்டத்தைப் பார்த்து விரலை நீட்டி 'இது உனக்கு' என்று சொல். விரல் நீளாத பிரசங்கம் வெறும் செய்தி வாசிப்பு. வகுப்பிலேயே நன்றாக விரல் நீட்டியவர் தேவப்பிரியம்தான்.

ஆனால் பெருமையை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாதே. சபை கூடுவது திருவொற்றியூரில் மொத்த மளிகை வியாபாரி ராசையாவின் பழைய பருப்பு குடோனில். பாஸ்டரும் மனைவி சுஜாவும் அதன் மாடியறையில் இருந்தார்கள். "ஆளு குறைஞ்சிச்சுன்னா குடோனை நான் எடுத்துக்கிடுவேன், ஐயரே" என்று ராசையா முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் ஊர்ப் பக்கம் பாஸ்டரை ஐயர் என்பார்கள்.

குடோன் போனால் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்கு, மாமனார் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே ஒரு வருடம் அங்கே இருந்தாயிற்று. தினமும் காபி டம்ளரை நீட்டியபடியே மாமனார், "பிறகு, மாப்பிள்ளை?" என்பார். அதற்கு யோனாவைப்போல மீன் வயிற்றிலேயே கிடந்துவிடலாம்.

"பாஸ்டரே, ஒரு விசயம்" என்று மைக்செட் பார்க்கிற ஜூடி வந்தாள். ஒரு நாளைக்கு ஒரு புகார் போதும் என்று நினைத்து, "அடுத்த வாரம் பேசலாம்மா" என்று தேவப்பிரியம் படியேறிவிட்டார்.

அடுத்த வாரம் யோனாவையே எடுத்துக்கொண்டார். அதில் வியாபாரம் இல்லை, மீனை யாரும் விற்கவில்லை, மீன்தான் ஆளை விழுங்குகிறது. எந்த மீன்காரிக்கும் வருத்தம் வர வழியில்லை.

மீன்காரிக்கு வரவில்லை. அலெக்ஸாண்டருக்கு வந்தது. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி.

"நைட் டூட்டில நான் தூங்குறத உனக்கு எவன் போட்டுக் குடுத்தான், பாஸ்டரே?"

"தம்பி, நான் யோனாவைப் பத்தில்லா பேசினேன்."

"நீ யாரப் பத்தி வேணா பேசிக்க. என் சூப்பர்வைசரோட மச்சான் பக்கத்து பெஞ்சுல குந்திகினு கீறான். நீ பேசி முடிக்கறப்போ என்னியவே ஒரு மாதிரி பாக்குறான். இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன்."

தேவப்பிரியம் வேதத்தைத் திறந்து பார்த்தார். கடல் கொந்தளிக்கும்போது யோனா கப்பலின் கீழ்த்தட்டில் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். இந்த மனிதன் வேறு எதையாவது செய்திருக்கக் கூடாதா என்று தேவப்பிரியத்துக்கு எரிச்சலாக வந்தது.

"பாஸ்டரே, போன வாரம் சொல்ல வந்தேனே" என்று ஜூடி மறுபடியும் நின்றாள்.

"தெரியும்மா. உன்னை நினைச்சுச் சொல்லல. மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டார்.

மாடியில் சுஜா வெங்காயம் அரிந்துகொண்டே வழி சொன்னாள். "ஏங்க, விளக்கவே வேண்டாம். வம்ச அட்டவணையை எடுத்து வெறும் பேரா வாசிச்சிட்டு இறங்கிருங்க. பேரைக் கேட்டு யாருக்குக் கோவம் வரப்போவுது?"

கல்லூரியில் சொல்லிக்கொடுக்காத ஞானமாக அது தேவப்பிரியத்துக்குப் பட்டது.

மூன்றாவது ஞாயிறு. ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று ஆரம்பித்தார். வெளியே எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன, மேலே மின்விசிறிகள் கடகடத்தன. அவரும் விடவில்லை. தன் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்புவதைக் கேட்பது அவருக்குப் பிடிக்கும். பழக்க தோஷம், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை விரலை நீட்டி எண்ணினார். தாவீதுக்கு வருவதற்குள் கடைசி பெஞ்சில் இருந்த ராசையா துண்டால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் ராசையா நேராக வந்து கையை நீட்டினார்.

"சாவியைக் கொடும், ஐயரே."

"அண்ணாச்சி, நான் வெறும் பேருதானே..."

"மூத்தவன் லவ் பண்ணிக் கட்டிக்கிட்டாம்னு அவனைத் தலைமுழுகினேன். கடை போர்டுல 'ராசையா அண்ட் சன்ஸ்'னு இருந்ததை 'அண்ட் சன்'னு ஆக்கினேன். அது என் வீட்டுச் சங்கதி. அதைச் சபையில வச்சுக் காட்டிக் கொடுப்பீரா? ஒரு தடவையில்ல வே, பத்துப் பதினஞ்சு தடவை."

ஆபிரகாமின் மூத்த மகன் இஸ்மவேல், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன். அட்டவணையில் அவன் பெயரே இல்லை. தேவப்பிரியத்துக்குப் புரிந்துவிட்டது. தான் வாயைத் திறந்தால் போதும், வேதம் தானாகவே ஆளைத் தேடிப் பிடிக்கிறது. இப்பேர்ப்பட்ட வரத்தைக் கர்த்தர் தனக்கு ஏன் கொடுத்தார், கொடுத்தவர் ஒரு குடோனையும் சேர்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது.

சாவியைக் கொடுத்தார். ராசையா போய்விட்டார். குடோன் காலியாக, பருப்பு வாசனையோடு கிடந்தது. ஜூடி மட்டும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இனி ஓட மாடியும் இல்லை.

"சொல்லும்மா. நீயும் சொல்லிரு. உன்னோட எந்தப் பாவத்தை நான் வெளிய விட்டேன்?"

"என் பாவமா? மைக்கு அவுட்டாயி மூணு வாரம் ஆவுது, பாஸ்டரே. லாரி சத்தத்துல நீ பேசுனது ஒரு எழுத்துகூட எவனுக்கும் கேக்கல. நீ வெரல நீட்டுனது மட்டுந்தான் தெரிஞ்சுது."