முப்பத்தோரு கொப்புளம்

வைத்தியநாத சுவாமி துணை

மடவார் வளாகம்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மதினி கனகலட்சுமி அவர்களுக்கு நாத்தனார் இசக்கியம்மாள் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகள் யுவராணி சுகம். சளி இறங்கிவிட்டது, ரெண்டு இட்லி சாப்பிடுகிறாள். அவளை நம்பி ஒப்படைத்துப் போனீர்களே, அந்த எனக்குத்தான் முகம் காட்ட வழியில்லை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் மதுரைக்குப் போலீஸ் பயிற்சிக்குப் போன மறுநாளே பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. நானாகப் படித்துக் கற்ற கைவைத்தியம்தானே என்று நல்லெண்ணெயில் ஓமமும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவினேன். புத்தகத்தில் ஒரு வில்லை என்று இருந்தது, பாசத்தில் நான் நாலு போட்டேன். மறுநாள் பார்த்தால் நெஞ்செல்லாம் சிவப்பாய்க் கொப்புளம், எண்ணினேன், பதினேழு. ஆத்தா வந்துட்டா என்று வாசலில் வேப்பிலை கட்டி, தாளிப்பை நிறுத்தி, சளிக்கு எண்ணெயை மட்டும் விடாமல் தடவி, எல்லாவற்றையும் நோட்டில் நேரம் போட்டு எழுதினேன். பக்கத்து வீட்டு ஐயாதுரை மாமாகூட நமக்காக மூணு நாள் தாளிக்காத குழம்பு சாப்பிட்டார். உங்களுக்கு இருந்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு, அதுக்கும் "அம்மை போட்டிருக்கு மதினி, வெளியூரிலிருந்து வந்து வாசல் மிதிக்கக் கூடாது" என்று போனில் தடுத்தவள் நான்தான். அன்னிக்கு முழுக்க பிள்ளை வாசலையே பார்த்து அழுதுச்சு மதினி.

திங்கட்கிழமை எதிர்வீட்டு நர்ஸ் ஹெப்சிபா அக்கா வந்து நோட்டைப் புரட்டினாங்க.

"ஏட்டி, இது யாரு எழுதுனது?"

"நாந்தாங்க்கா."

"காலையில தடவினேன், பதினேழு. சாயங்காலம் தடவினேன், இருபத்திரெண்டு. மறுபடி தடவினேன், முப்பத்தொண்ணு. ஆத்தா எங்கட்டி வந்தா? நீயில்ல கூட்டிட்டு வந்திருக்க! சின்னப் பிள்ளைக்குக் கற்பூரம் ஆகவே ஆகாது, தெரியுமா?"

எண்ணெயை நிறுத்தினதும் ரெண்டே நாளில் அம்புட்டும் அமுங்கிருச்சு. வேப்பிலையை நானே அவிழ்த்துட்டேன், எண்ணெய்ச் சீசாவைக் குப்பையில் போட்டுட்டேன். இனி பிள்ளைக்கு ஒரு தும்மல்னாலும் டாக்டர்கிட்டதான். நாளை விடிந்ததும் தெருவில் வீடு வீடாகப் போய் என் தப்பைச் சொல்லப் போகிறேன், இது சுவாமி மேல் சத்தியம். உங்களைத் தடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எப்படித் திருப்பித் தருவேன் என்று தெரியவில்லை. என்னை மன்னிச்சு, பிள்ளையை இன்னொரு தடவையும் என்கிட்ட விடணும்.

பட்டாளத்தில் இருக்கும் அண்ணனுக்கு எல்லையில் ஒரு குறையும் வராமல் இருக்க தினமும் விளக்குப் போடுகிறேன்.

இப்படிக்கு,
தலை நிமிராத
இசக்கியம்மாள்

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. குப்பையில் போட்ட சீசாவை, நல்லெண்ணெய் வீணாகப் போகுதேன்னு எங்க வீட்டுக்காரவுக எடுத்து ராத்திரி தலைவலிக்கு நெற்றி, கன்னம் எல்லாம் பூசிப் படுத்திருக்காவ. விடிஞ்சு கொப்புளத்தோட பால் வாங்கப் போன மூஞ்சியை ஐயாதுரை மாமா பார்த்துட்டார். "வேப்பிலையை அவிழ்த்துட்டோம்னு ஆத்தா கோவிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டா" என்று அவரே வேப்பிலை கட்டிட்டுப் போறார். தெருவே கும்பிடுது. நான் வாயைத் திறக்கலை மதினி. இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது கெஞ்சி லீவு வாங்கிட்டு வாங்க, பிள்ளை தேடுது. கொல்லைப்பக்கமா மட்டும் வாங்க.