பியான்கெட்டோ பொரியல்

"ஃப்ரிட்ஜ்ல இருந்த டப்பா எங்கட்டி?"

"சிறுகிழங்கா? பொரியல் பண்ணிட்டேன். ஏற்கெனவே பூண்டு வாசனை தூக்கலா இருந்துச்சு, அதனால பூண்டு போடல."

சைலஸ் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அது அவன் பாஸ் ஆஞ்செலோ இத்தாலியிலிருந்து வரவழைத்த பியான்கெட்டோ. வசந்தத்தில் மண்ணுக்கடியில் விளையும், பூண்டு வாசனை வீசும், விலையுயர்ந்த வெள்ளை ட்ரஃபிள் காளான். "வீட்டுல நாத்தம்னு ரோஸ் சண்டை போடறா. உன் ஃப்ரிட்ஜ்ல வை, சனிக்கிழமை மதியம் உன் வீட்டுலயே சாப்பிடலாம்" என்று நேற்றுதான் கொடுத்தார். திங்கட்கிழமை சைலஸின் கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

"திருநெல்வேலிக்காரிக்குச் சிறுகிழங்கு தெரியாதா? அது கிழங்குதாங்க!" என்றாள் மனைவி ஜெபினா.

"வாய மூடுட்டி! ரெண்டு மணி நேரத்துல வந்துருவாரு."

பிஸ்கட்டவேயிலிருந்து பக்கத்து ஊர் ஐசலினுக்குக் காரில் பறந்தான். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் சிறுகிழங்கு வாங்கி வந்து, கழுவி, பூண்டை நசுக்கித் தேய்த்தான். வாசனை போதாதோ என்ற பயத்தில் பெருங்காயமும் தேய்த்தான்.

"ஏங்க, கேஸ் லீக் மாதிரி நாறுது!"

காலிங் பெல் அடித்தது.

ஆஞ்செலோ கத்தியும் கையுமாக உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி ரோஸ், டப்பாவையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"நல்ல பியான்கெட்டோன்னா தோல் வழவழன்னு இருக்கும். உள்ளே பழுப்பு, நடுவுல வெள்ளை நரம்பு ஓடும். பார்!"

வெட்டினார். உள்ளே பால் வெள்ளை. நரம்பே இல்லை.

'ஏசப்பா!' சைலஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ம்ம்... முத்தல. முத்தாததுன்னா வெள்ளையாத்தான் இருக்கும்." சீவிச் சுடுசோற்றில் போட்டு நறநறவென்று மென்றார். கண்கள் கலங்கின. "இப்படி ஒரு வாசனையை வாழ்க்கையில பார்த்ததில்ல! மீதியை எடுத்து வை சைலஸ். என் மச்சான் ட்ரஃபிள் வியாபாரி, அவன்கிட்ட காட்டணும்."

மச்சான் பார்த்தால் கையெழுத்தும் போச்சு, வேலையும் போச்சு. உண்மையைச் சொல்லிவிடுவது என்று சைலஸ் முடிவு செய்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு ஓடினான்.

பின்னாலேயே வந்த ரோஸ் கதவைச் சாத்தினாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"நீ கண்டுபிடிச்சிட்டேன்னு தெரியுது. அவர்கிட்ட சொல்லிடாதே சைலஸ், ப்ளீஸ்! ட்ரஃபிளை, கெட்டுப்போச்சுன்னு நான் வியாழக்கிழமையே குப்பையில போட்டுட்டேன். டப்பாவுல வெச்சு அனுப்பினது, ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில வாங்கி, நான் பூண்டு தேய்ச்ச ஏதோ உங்க ஊர்க் கிழங்கு!"