தட்டிக்கு முன்னால் ஓடிய அமெரிக்கர்

கல்யாணம் நிச்சயமாகாத இளைஞனுக்கு எல்லாச் சத்தமும் கெட்ட சகுனமாகத்தான் கேட்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்கு அப்படி இருந்தது. பல்லி கத்தினால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவேன். கத்தாவிட்டால், ஏன் கத்தவில்லை என்று புரட்டுவேன்.

அப்போது கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகளுக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுத்தர வால்ட்டர் என்றொரு அமெரிக்கர் வந்திருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை. (கேள்வி தெலுங்கில் வரும், சண்டை கன்னடத்தில் வரும், சம்பளம் ஒன்றுதான்.) ஜீப்பில் பாதி அவர், மீதியில் நானும் என் கவலைகளும்.

அதற்கு முன் அவருக்குக் கால்பந்துதான் தொழில். அவர்கள் ஊர்க் கால்பந்து, பந்தில் கால் படுவதே அபூர்வம். முட்டை மாதிரிப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிரணி அவன்மேல் விழும். விழ வருகிறவர்களை முன்னால் நின்று மோதித் தள்ளுவது வால்ட்டரின் வேலை.

“நீங்க எத்தனை தடவை பந்தைக் கொண்டுபோனீங்க?” என்று கேட்டேன்.

“தொட்டதே இல்லை,” என்றார் சந்தோஷமாக. “என் பின்னால் ஓடியவன் சட்டையில் மண் ஒட்டாவிட்டால், அன்றைக்கு நான் நன்றாக ஆடினேன் என்று அர்த்தம்.”

முழங்கால்கள் தேய்ந்து, விரல்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டத் தொடங்கியதும் ஓய்வு பெற்றுவிட்டார். உட்கார்ந்து எழுந்தால் மூட்டுகள் வண்டி அச்சுபோல முனகும்.

இந்த நேரத்தில்தான் வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். ருக்மணியை எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா முனிசாமிக்கு என்னைப் பிடித்ததா என்பது அவர் மீசைக்குத்தான் தெரியும். “எருது விடற அன்னிக்கு வாப்பா. எங்க மாட்டுத் தட்டிய எவனும் புடுங்காம வந்துட்டா, அன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்,” என்றார்.

மூங்கில் தட்டியில் வேட்டியும் துண்டும் பரிசுப் பொருளும் கட்டி, எருதின் கொம்பில் பிணைத்துத் தெருவில் விடுவார்கள். இரண்டு பக்கமும் இளவட்டங்கள் அதைப் பறிக்கப் பாய்வார்கள். யார் கையிலும் சிக்காமல் எருது வந்துவிட்டால், உடையவருக்கு வருஷம் பூராவும் தலை நிமிர்ந்திருக்கும்.

எருது விடும் நாளன்று வழியெல்லாம் வால்ட்டரிடம் புலம்பினேன். “அந்தத் தட்டி போனால் என் கல்யாணமும் போச்சு.”

அவர் யோசித்தார். “மாட்டுக்கு முன்னால் யார் போவார்கள்?”

“யாரும் போகமாட்டார்கள்.”

“யாருமேவா?” என்றார். தொலைந்த உத்தியோகம் திரும்பக் கிடைத்தவன் முகம்போல இருந்தது அவர் முகம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முனிசாமியின் எருதை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த கணம், என் பக்கத்தில் வால்ட்டர் இருந்த இடம் காலி. தெரு நடுவில், எருதுக்கு முன்னால், முழங்காலை மடித்து, குனிந்து ஓடிக்கொண்டிருந்தார். பாய்ந்து வந்த இளவட்டங்கள் ஒவ்வொருவராக வைக்கோல்போரில் போய் விழுந்தார்கள். தட்டி காற்றில் ஆட, எருது ஊர்வல மாப்பிள்ளைபோல அவர் பின்னால் வந்தது.

“ஏய், முனிசாமி மாட்டுக்குத் தொணைக்கு ஆளு வெச்சிக்கினு ஓட்றாரு டோய்!” என்று கூட்டம் கூவியது.

தெருமுனையில், தன் எருதை வரவேற்க, முனிசாமி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

வால்ட்டருக்குத் தெரிந்தது, கை விரித்து வரும் கடைசி எதிராளி மட்டும்.

வருங்கால மாமனார் மாட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குள் போய்விட்டார்.

தொட்டியிலிருந்து முதலில் மீசை வந்தது, பிறகு குரல். “தட்டி?”

“அப்படியே இருக்குதுங்க மாமா.” (மாமா என்று அதற்குமுன் கூப்பிட்டதில்லை. பயத்தில் வந்துவிட்டது.)

வால்ட்டர் குனிந்து, அக்கறையாக ஏதோ சொன்னார்.

“என்னா சொல்றான்?”

“நிக்கும்போது முழங்கால... கொஞ்சம் மடிச்சி நிக்கணுமாம். விழமாட்டீங்களாம்.”

வாசலில் நின்ற ருக்மணி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். முனிசாமி மேல்துண்டைப் பிழிந்தார். என் கழுத்தைத்தான் பிழிகிறார் என்று நினைத்தேன்.

“சொன்னது சொன்னதுதான். தட்டி வந்துடிச்சி,” என்றார் கடைசியில். “ஆனா கல்யாணத்தன்னிக்கி இந்தாளு எனக்குப் பின்னாலதான் நிக்கணும்.”

வால்ட்டரும் அப்படியே நின்றார். கல்யாணப் படத்தில் மாமனார் பின்பக்கம் திரும்பிப் பார்த்தபடிதான் இருக்கிறார்.

பின்னாளிலும் மாமனார் பேரப்பிள்ளைகளைத் தூக்கக் கை விரிக்கும் முன் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. “யாரும் இல்ல தாத்தா!” என்று கத்திவிட்டுத்தான் ஓடிவருவார்கள்.