பெத்லகேமில் அரை எச்.பி. மோட்டார்

கோயமுத்தூரில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதில் ஒரு மோட்டாரை மாட்ட முடியுமா என்று கை பரபரக்கும். இந்த வியாதியை வைத்துப் பலர் நன்றாகப் பிழைத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது, எங்கள் சர்ச்சின் பங்கு மக்கள் முந்நூறு பேர் முன்னால் மானம் போன ஒரு மாலை. (முந்நூறு என்பது என் கணக்கு. என் மனைவி சொல்லும்போது ஐந்நூறு.)

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்தைந்து வயது. கணபதியில் ஒரு பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்பேன். எனக்குப் பாட வராது. முதல் வரிசையில் ஜெசிந்தா பாடுவாள், காரணம் அவ்வளவுதான்.

ஜெசிந்தாவின் அப்பா ஒரு நூல் மில்லில் ஃபோர்மேன். கோயிலிலும் அவருக்கு அதுதான் பெயர். எங்கள் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாராவாரம் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கும் அவரே தலைவர். எந்தப் பொருளாக இருந்தாலும் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். என் அம்மா ஒரு நாள் துணிந்து அவர் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டுவிட்டார். அவர் காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்.

“தம்பி நல்ல பையந்தானுங்க. கை வேல எப்புடீன்னு பாக்கோணுமில்லீங்களா. இந்த வருசக் குடில அவருகிட்டயே உட்டுப்போடலாமுங்க. அதப் பாத்துட்டு மேக்கொண்டு பேசிக்கலாம்.”

எங்கள் பங்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் குடில் போட்டி நடக்கும். ஒவ்வொரு அன்பியமும் கோயில் வளாகத்தில் ஓலைப் பந்தல் போட்டு, அதில் இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைச் செய்துவைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அதில் பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். எனக்கு ஜெசிந்தா.

பழுப்புத் தாளைக் கசக்கி, சாயம் பூசி மலை செய்தேன். கேழ்வரகைத் தட்டில் முளைக்கவைத்துப் புல்வெளி போட்டேன். ஃபோர்மேன் மில்லிலிருந்து ஒரு மூட்டை கழிவுப் பஞ்சு கொடுத்தனுப்பினார், அதைப் பனியாகத் தூவினேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. மலையிலிருந்து அருவி கொட்டினால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. (பெத்லகேமில் ஏதுடா அருவி என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் ஊர் மரியாதையான ஊர்.)

“ஏஞ்சாமி, மீன் தொட்டிக்கு வெக்கற குட்டி மோட்டாரு போதாதா?” என்றார் அம்மா.

“ஏம்மா, ஊரே தண்ணி மோட்டாரு செய்யுது. நான் போயி மீன் தொட்டி மோட்டார வெச்சா பட்டறையில சிரிக்க மாட்டாங்களா?”

அப்படியாக, என் கையாலேயே காயில் சுற்றிய அரை எச்.பி. மோட்டார் ஒன்று குடிலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. மூன்று மாடிக்கு மேலே இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அது. என் மலையின் உயரம் நாலு அடி. அதையும் யோசிக்காமல் இல்லை. குழாயில் ஒரு வால்வைப் போட்டு, கால் திருகு மட்டும் திறந்துவைத்தால் நூல் மாதிரி ஒழுகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அன்பியத்துப் பெண்கள் குடம் குடமாகச் சுமந்து இருநூறு லிட்டர் டிரம்மை நிரப்பினார்கள். டிரம்மிலிருந்து மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து பச்சை ஹோஸ் வழியாக மலை உச்சிக்கு. ஹோஸை மூங்கிலில் சணல் கயிற்றால் கட்டினேன். அந்தச் சணல் கயிற்றை இன்று நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நாலு மணிக்குப் போட்டி. மூன்றரைக்கு சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை. காற்று அடைத்திருக்கிறது. மோட்டாரை நிறுத்தி, அதன் வாயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, காற்று வெளியேறட்டும் என்று வால்வை முழுசாகத் திறந்து, மறுபடி சுவிட்சைப் போட்டேன். அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் சுவிட்சை அணைக்க வேண்டும். இது பட்டறையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம். நான் என்ன செய்தேன்? பாடகர் குழு வருகிறது என்று யாரோ சொல்ல, புதுச் சட்டை மாற்ற ஓடினேன். திரும்பி வரும்போது தலை படிய வாரியிருந்தேன், முகத்துக்குப் பவுடரும் போட்டிருந்தேன். வால்வும் சுவிட்சும் நினைவிலேயே இல்லை. சரியான முட்டாள்.

நடுவர்களாகப் பங்குச் சாமியாரும் கன்னியர் மடத்து மதர் ஒருவரும் வந்தார்கள். பின்னால் கூட்டம். முன்னால் ஜெசிந்தா. கரண்ட் இன்னும் வரவில்லை. தலைவர் என்ற முறையில் ஃபோர்மேன் குடிலை விளக்கினார். நான் கைகட்டி நின்றேன்.

“மலையெல்லாம் தம்பியே செஞ்சதுங்க சாமி. கரண்ட்டு வந்தா அருவி கொட்டுமுங்க.”

“அருவியா? தண்ணி எங்கிருந்து வருது?” என்று சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

“இந்தா, இந்த ஓட்டையிலதானுங்க,” என்று ஃபோர்மேனும் குனிந்தார். இரண்டு பேர் முகமும் மலை உச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

கரண்ட் வந்தது. சீரியல் பல்புகள் பளிச்சென்று எரிந்ததும் கூட்டம் கைதட்டியது. என்னைப் பார்த்து ஜெசிந்தா சிரித்தாள். முதல்முதலாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு விநாடி நீடித்தது.

மலை வெடித்தது. சணல் அறுந்து, பச்சை ஹோஸ் வெளியே வந்து, இஷ்டத்துக்கு ஆடத் தொடங்கியது. முதல் வீச்சில் சாமியாரின் கண்ணாடி போனது. அடுத்ததில் மதரும் பாடகர் குழுவும் குளித்தார்கள். மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தோடு மிதந்து போனார்கள். மூட்டைப் பஞ்சும் நனைந்து எழும்பி, மலைத்தாளின் சாயத்தோடு கூட்டத்தின் மேல் கொழகொழவென்று விழுந்தது. குழந்தை இயேசுவை ராத்திரிப் பூசையில்தான் தொழுவத்தில் வைப்போம் என்பதால் அவர் ஒருவர் தப்பித்தார். சுவிட்ச் இருந்த இடம் நனைந்திருந்தது, பக்கத்தில் போக எனக்குத் தைரியமில்லை. “ஐயோ, ஐயோ” என்று சுற்றிச் சுற்றி ஓடினேன். அந்த “ஐயோ”வை என் மச்சினன் இன்றும் கல்யாண வீடுகளில் நடித்துக்காட்டுகிறான்.

ஃபோர்மேன் மட்டும் ஓடவில்லை. நிதானமாகக் கோயில் தாழ்வாரத்துக்கு நடந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். அருவி நின்றது. அதற்குள் நான் மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று உறுதியாகத் தெரிந்தது. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தலையெல்லாம் பஞ்சோடு ஜெசிந்தா நின்றாள்.

“ஏனுங்க, ஒளிஞ்சது போதுமுங்க. அப்பா கூப்புடறாரு.”

ஃபோர்மேன் குடிலுக்குப் பின்னால் மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தார். மீசையில் பஞ்சு, வெள்ளைச் சட்டையில் சாயம். மோட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

“சூடே ஏறல. காயில் யாரு சுத்துனது?”

“நானுங்க.”

“குடில் யாரு கட்டுனது?”

“அதுவும் நானுங்க.”

அவர் மீசையிலிருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டார். “பாதி தேறிப்போட்டீங்க தம்பி. அம்மாவ நாளைக்கு ஊட்டுக்கு வரச் சொல்லுங்க.”

ஈஸ்டர் கழிந்து எங்கள் கல்யாணம். மீதிப் பாதியில் நான் தேறினேனா என்று மாமனார் கண்மூடும்வரை சொல்லவில்லை. ஜெசிந்தாவும் சொல்வதில்லை. என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் “பாதி தேறுனவரு” என்பாள்.

போன கிறிஸ்துமஸுக்கு என் மகள், தான் கட்டிக்கொள்ள விரும்பும் பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். கம்ப்யூட்டர் வேலை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பிக்குக் கை வேல எப்புடீங்க?” என்று கேட்டேன்.

“அத நீங்க கேக்கறீங்களா?” என்றாள் ஜெசிந்தா சமையலறையிலிருந்து. போதாதென்று மகள் அந்தப் பையனுக்கு முழுக்கதையையும் சொன்னாள், அந்த “ஐயோ” உட்பட. எல்லோரும் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“கரண்ட் போனப்பவே சுவிட்ச ஆஃப் பண்ணியிருக்கலாமே அங்கிள்?”

ஜெசிந்தா கரண்டியோடு வெளியே வந்து அவனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தேதி பாத்துப்போடலாமுங்க. இவரு முழுசாத் தேறிட்டாரு.”