நான் ஆய்ஞ்செறிஞ்ச ஆண் பூக்கள்

"இந்த முறை வீட்டுத்தோட்டம் என்ர பொறுப்பு. வேலிக்குள்ள நீர் கால் வைக்கக்கூடாது!"

மனுசி தனுஷாவுக்கு நான் போட்ட சத்தம் வட்டக்கச்சி ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். அவா "ஓம்" எண்டா. அவ்வளவு கெதியா அவா ஓம் எண்டால் பயப்பட வேணும். நான் பயப்படேல்லை.

பூசணி நட்டன். கொடி கிணத்தடி வரைக்கும் ஓடிச்சுது. மஞ்சள் மஞ்சளாப் பூத்துது. காய் மட்டும் இல்லை. வெக்கத்தை விட்டு, தனுஷா சமைச்சுக்கொண்டு நிண்ட குசினிக்குப் போனன்.

"ஏனப்பா காய்க்குதில்லை?"

"அது முழுக்க ஆண் பூ. முதல்ல அதுதான் வரும்."

"ஆண் பூ காய்க்காதே?"

"காய்க்காது."

"பிறகென்னத்துக்கு அது?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து நானும் அதைத்தான் யோசிக்கிறன்."

எனக்கு ரோசம் வந்திட்டுது. காய்க்காததுக்கு என்னத்துக்குப் பசளையும் தண்ணியும்? ஆண் பூ ஒண்டும் விடாமல் நாள்தோறும் ஆய்ஞ்செறிஞ்சன்.

பிறகு பெண் பூ வந்துது. பூவுக்கு அடியில குட்டிப் பிஞ்சு. துள்ளினன். பிஞ்சு பழுத்து விழுந்துது. அடுத்ததும் விழுந்துது. ஆண் பூவின்ர மகரந்தம் படாட்டி பிஞ்சு நிக்காதாம். பக்கத்து வளவு ஐயாத்துரை அண்ணை சொல்லித்தான் தெரியும்.

"அண்ணை, ஆண் பூ ஒண்டு தருவியளோ?" இப்பிடியும் ஒரு பிச்சை எடுப்பன் எண்டு நான் நினைக்கேல்லை.

"தனுஷா விடியவே வந்து எல்லாம் ஆய்ஞ்சுகொண்டு போட்டாவே!"

ஓடி வந்தன். தனுஷா என்ர வேலிக்குள்ள நிக்கிறா. ஆண் பூவின்ர இதழை உரிச்சுப் போட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள்ள மெல்லத் தடவுறா. பிடிச்சுப் பேசலாம். பேசினால் பூசணி இல்லை. பதுங்கினன்.

பிஞ்சு நிண்டுது. பெருத்துது. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "எல்லாம் என்ர கைராசி" எண்டு சந்தை வரைக்கும் சொல்லித் திரிஞ்சன். தனுஷா மறுக்கவேயில்லை.

நேற்று மாதர் சங்கமே வீட்டு முற்றத்தில வந்து நிக்குது.

"வயலுக்கு மருந்தடிச்சடிச்சு ஒரு தேனீயும் இல்லை, தம்பி. எங்கட பிஞ்செல்லாம் விழுகுது" எண்டா வினோஜா அக்கா.

தனுஷாவுக்கு வாயெல்லாம் பல்லு. "இவற்ர கைராசி தெரியும்தானே? நாளையில இருந்து விடியவே எல்லாற்ர வளவுக்கும் அனுப்பிவிடுறன்."

நான் செய்யேல்லை எண்டு சொல்ல வாயைத் திறந்தன். சந்தையில பீத்தின அதே வாய். மூடினன்.

இண்டைக்கு விடிய, ஆரோ வீட்டுக் கொடிக்குள்ள ஆண் பூவோட, முதுகு பிடிச்சுக் குந்தியிருக்கேக்க ஒரு தேனீ வந்துது. என்னைப் பார்த்துது. இஞ்ச வேலைக்கு ஆள் இருக்கெண்டு திரும்பிப் போயிட்டுது.