மழை பெய்தால்தான் ஹொக்கி

வானிலை அறிக்கைக்காக ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு திரிந்த ஹொக்கி வீராங்கனை இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மழையக்கா. யாரும் மறுத்துக் கடிதம் எழுத வேண்டாம், நான் நம்பப் போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கையில் குருவிட்டப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்காவுக்குப் பால் வெட்டுகிற வேலை. விடிந்தால் பேர் பதிகிற பெரட்டுக் களம், பிறகு மரம், பிறகு வாளி, பிறகு தராசு. விளையாட நேரம் ஏது? மழை பெய்தால் மட்டும் மரப்பட்டை நனைந்து பால் வெட்டு நின்றுவிடும். "போச்சு, இன்னைக்குப் பேர் இல்ல, கூலியும் இல்ல" என்று தொழிலாளர் குடியிருக்கிற லயமே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும். அக்கா மட்டும் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவார்.

"ஏ புள்ள, வெளிய வா! கொட்டுது!" என்று போகிற வழியில் எங்கள் கடை வாசலில் நின்று கத்துவார்.

நான் பஜாரில் மளிகைக்கடைக்காரர் மகள். உடம்பு கொஞ்சம் தாராளம் என்பதால் தோட்டத்து அணியில் என்னைக் கோல் காக்க நிறுத்தியிருந்தார்கள். பந்து போக இடம் இருக்காது என்பது அக்காவின் நம்பிக்கை.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. சேற்றில் பந்தை நகர்த்த மண்வெட்டி போடுகிற மாதிரி ஓங்கிப் போட வேண்டும். அக்காவுக்குத் தெரிந்த ஹொக்கி அது ஒன்றுதான். எஹலியகொடவில் ஒருநாள் நடந்த ஆட்டத்தில், காய்ந்த மைதானத்திலும் அதே போடு போட்டார். பந்து கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஒரு கல்யாண வீட்டுப் பருப்புச் சட்டியில் போய் விழுந்தது. நல்ல மனிதர்கள். பந்தைக் கழுவிக் கொடுத்து, எங்களுக்கும் சாப்பாடு போட்டார்கள். ஆட்டத்தில் தோற்ற வருத்தம் இரண்டாவது பந்தியில் தீர்ந்தது.

அந்த வருடம் மாவட்ட இறுதி ஆட்டம் இரத்தினபுரியில். மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து பார்க்கப் போவதாகச் செய்தி. அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது.

"இந்தத் தடவ விட்டா, அப்புறம் எவன் நம்மள எடுப்பான்?" என்றார். சிரிக்காமல் அவர் பேசி அன்றுதான் பார்த்தேன்.

முந்தின நாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பெருங்கூட்டம். மழை வந்தால் தங்கள் அன்றைய கூலி போகும் என்று தெரிந்தே மொத்த லயமும் மழை கேட்டுத் தேங்காய் உடைத்தது. மழைக்கு ஜென்ம விரோதியான கங்காணியும் ஒன்று உடைத்தார்.

மறுநாள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது வெயில். முதல் பாதியில் அக்கா அடித்த பந்தெல்லாம் ஊர் சுற்றப் போய்விட்டன. எதிரணி ஒரு கோல் போட்டது, அதுவும் என் காலுக்கு நடுவில். இடைவேளையில் அக்கா புல்லில் குந்திக்கொண்டு அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"ஏங்க்கா, மரத்துல கத்திய வச்சாலும் இப்பிடித்தான் ஓங்கிப் போடுவீங்களா?"

"பைத்தியமா ஒனக்கு? மரம் செத்துப் போகும். நூல் கணக்கா சீவணும்."

சொன்னவர் திறந்த வாயை மூடாமல் மட்டையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விசில் ஊதுமுன்பே மைதானத்துக்குள் போய் நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு பந்து அவர் மட்டையை விட்டு நாலு விரல் விலகவில்லை. தினமும் முந்நூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்கிற முதுகு அது. மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அக்கா குனிந்தபடியே ஒவ்வொருவராகக் கடந்து போனார். முதல் கோல் விழுந்தது. கடைசி நிமிடத்தில் எதிரணிக் கோல்காரி ஒருபக்கம் பாய, மறுபக்கம் மெல்ல ஒரு சீவல். இரண்டாவது கோல்!

"மழையக்கா! மழையக்கா!" என்று உச்சி வெயிலில் தோட்டமே கத்தியது. கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிங்களப் பெரியவர் அவசரமாகக் குடையை விரித்தார்.

மாகாண அணியில் அக்காவை எடுத்துவிட்டார்கள். ஆனால் வாரத்தில் மூன்று நாள் காலையில் இரத்தினபுரியில் பயிற்சி. காலைதான் பால் வெட்டுகிற நேரம்.

"எடுத்துட்டாங்க, சரி. என் மரத்த யாரு வெட்டுறது?" என்று பெரட்டில் கடிதமும் கையுமாக நின்றார்.

"ஆளுக்குக் கொஞ்சம் நாங்க வெட்டுறோம். நீ போடி!" என்றார்கள் மற்றப் பெண்கள். கங்காணி சட்டென்று திரும்பி மலையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் காதுல விழல" என்று மட்டும் சத்தமாகச் சொன்னார்.

நானும் போய் என் பங்குக்கு இருபது மரம் கேட்டேன். மூன்றாவது மரத்திலேயே கங்காணி கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். "தாயி, ஒரு மரம் பாலுக்கு வர ஏழு வருசமாகும். நீ கடைக்குப் போ."

அக்கா இரண்டு வருடம் எங்கள் சப்ரகமுவ மாகாணத்துக்கு ஆடினார். அவர் கோல் போட்டு மட்டையைத் தூக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும். "ஒங்க கூடப் பொறந்த அக்காவா?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

ஆமாம் என்றுதான் சொல்வேன்.